தலையணைக்கு அடியில் இருக்கும் போன்

வாசகர் கடிதம்

டாக்டர் சார், வணக்கம். எனக்கு 47 வயது. மதுரை வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறுத் துறையில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் யூனிட்டில் முதுநிலை படிக்கும் பிஜிக்கள் ஆறு பேர், அப்புறம் ஹவுஸ் சர்ஜன்கள். இருந்த இரண்டு ஏபிக்களில் (உதவிப் பேராசிரியர்கள்) ஒருவரை வேறு கல்லூரிக்கு டைவர்ஷனில் அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இரவில் என்ன சந்தேகம் வந்தாலும் பிஜிக்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுக்கிறேன். கூப்பிடாத இரவிலும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து போனைப் பார்க்கிறேன். ஆறு மாதமாக அல்பிரசோலம் 0.25 போட்டால்தான் தூக்கம்.

போன மாதம், பிரஷர் 160/110 என்று ஆபத்தாக ஏறியிருந்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் பிஜி சொன்னாள். எல்லோர் முன்னாலும் கேஸ் ஷீட்டை அவள் மேல் வீசிவிட்டேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் என் பிஜி அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை, தீசிஸ் விஷயமாகக்கூட வருவதில்லை. பத்து நாள் கழித்து, ரெஃபரலில் வந்த ஒரு தாய் இறந்துபோனாள். செய்தி கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது, 'கேஸ் ஷீட்டில் நேரம் சரியாக எழுதியிருக்கிறார்களா' என்பதுதான். அவள் குழந்தை ஞாபகம் அப்புறம்தான் வந்தது. நான் என்ன மனுஷி சார்?

சின்ன வயதிலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காத வருஷமே கிடையாது. இந்த வருஷம் லீவு இருந்தும் எழுந்து போகத் தோன்றவில்லை. ரிங் ரோட்டில் கார் ஓட்டி வரும்போது, சின்னதாக ஓர் ஆக்சிடெண்ட் ஆனால் மூன்று மாதம் படுத்திருக்கலாமே என்று நினைப்பு வருகிறது. பிஜிக்களுக்கு மனநலத் திட்டம், மன்றம் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு யார்? இது நோயா, இல்லை நானே கெட்டவளாகிவிட்டேனா? மாத்திரை சாப்பிட்டால் வெளியே தெரியுமா? வி.ஆர்.எஸ். வாங்கி வேலையை விட்டுவிடலாமா?

பதில்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கேஸ் ஷீட், பிஜி, இறந்துபோன தாய் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, ரிங் ரோட்டில் வரும் நினைப்பை மட்டும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சின்னதாக ஒரு விபத்து, மூன்று மாதம் படுக்கை. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இதே ஆசையை, மனநல மருத்துவரான என்னிடம் சொன்ன டாக்டர்கள் பலர். ஒருவர் மஞ்சள் காமாலை வந்தால் தேவலை என்றார். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சாக விருப்பமில்லை. படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எலும்பு முறிந்தால்தான் படுப்பதற்குத் தனக்கு உரிமை உண்டு என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் நேரில் வந்திருந்தால் கேட்டிருப்பேன், இங்கேயும் கேட்கிறேன்: செத்துப்போனால் நல்லது என்று தோன்றியிருக்கிறதா? ஆம் என்றால், நான் எழுதியிருக்கும் மற்றதையெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விடுங்கள். காரை அவர் ஓட்டட்டும். டெலி மானஸ் எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். டாக்டர் கூப்பிடக் கூடாது என்று அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம், நாளைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இல்லை, அந்த அளவுக்குப் போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

நோயா, கெட்டவளாகிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பர்ன் அவுட், அதாவது வேலையால் கருகிப்போவது, என்ற சொல் உங்களுக்குத் தெரியும். 1974இல் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார். அவர் மூன்று விஷயங்களை அளந்தார். உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத சோர்வு ஒன்று. எதிரில் இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் கேஸாக, பெட் நம்பராகத் தெரிவது இரண்டாவது. 'நான் செய்வதில் என்ன பிரயோஜனம்' என்ற எண்ணம் மூன்றாவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கிறது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடியின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பர்ன் அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வெளியே நடப்பதற்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். வேலையால் மட்டும் கருகிப்போனவருக்கு, வேலை இல்லாத நாளில் கொஞ்சமாவது உயிர் வரும். லேபர் வார்டு உங்களை நாசம் செய்திருந்தாலும், அழகர் வரும் நாளில் விடியுமுன் எழுந்து வைகைக்கரைக்குப் போகக் கால் துடித்திருக்க வேண்டும். துடிக்கவில்லை. நாற்பது வருஷத்துச் சந்தோஷம் ஒன்று கூப்பிட்டும் நீங்கள் எழவில்லை. அதோடு நடுராத்திரி விழிப்பு, ஓயாத குற்ற உணர்வு, விபத்து நடக்காதா என்ற நினைப்பு. இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி இருந்தால் மனச்சோர்வு நோயா என்று நாங்கள் பார்ப்போம். கடிதத்தை வைத்து நோய் இதுதான் என்று முடிவு சொல்ல மாட்டேன். பார்த்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கெட்டவளா என்ற கேள்விக்கு வருகிறேன். தாய் இறந்த செய்தி கேட்டதும் கேஸ் ஷீட்டில் எழுதிய நேரம் ஞாபகம் வந்தது என்றீர்கள். அம்மா, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். நம் மாநிலத்தில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஆடிட் நடக்கும், கலெக்டர் வரைக்கும் போகும். அது வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. தாய்மார் சாவு நம் மாநிலத்தில் குறைந்ததில் அந்தக் கணக்கெடுப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ எத்தனை மணிக்கு வலி வந்தது, 108 எப்போது கிளம்பியது, இங்கே வந்து இறங்கும்போது பிரஷர் என்ன, உங்கள் பிஜி எத்தனை மணிக்குப் பார்த்தாள், எத்தனை மணிக்கு உங்களிடம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நேரம் கேட்பார்கள். நேரம் இடித்தால் மெமோ வரும். ஒழுங்கு நடவடிக்கையான 17பி என்ற வார்த்தையைக் கேட்டாலே அரசு டாக்டருக்கு வயிற்றைக் கலக்கும். இருபது வருஷமாக அப்படிப் பழகிய மனது, அதிர்ச்சி வந்ததும் முதலில் தற்காப்புக்குத்தான் ஓடும். குழந்தை ஞாபகம் அப்புறம் வந்தது என்கிறீர்கள். வந்ததே! வந்ததால்தான் அது உறுத்தி, எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சையில் தவறு நடந்தால் முதலில் பாதிக்கப்படுகிறவர் நோயாளி, இரண்டாவதாகப் பாதிக்கப்படுகிறவர் டாக்டர் என்றார். பயிற்சி டாக்டர்களை மேற்பார்க்கிறவருக்கு இது இரண்டு மடங்கு. உங்கள் கை செய்ததற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் இல்லாதபோது இன்னொரு கை செய்ததற்கும் பதில் சொல்ல வேண்டும். அறுவை செய்யும்போதாவது கத்தி உங்கள் கையில் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குப் போனில் கேட்டுப் பதில் சொல்லும்போது கையில் ஒன்றுமே இல்லை. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வயிற்றில் கை வைத்துப் பார்த்ததை அவள் வாயால் கேட்டு, அதை நம்பி, முடிவு சொல்ல வேண்டும். இந்தப் பாரத்துக்கு நம் கல்லூரிகளில் பெயரே கிடையாது. டியூட்டி சார்ட்டில் அது டியூட்டியாகக்கூட வராது.

அந்த இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் மனைவியும் மகப்பேறு மருத்துவர்தான். இரண்டு நாற்பதுக்கு வாட்ஸாப்பில், வயிற்றுக் குழந்தையின் துடிப்பைக் காட்டும் சிடிஜி படம் வரும். டியூப் லைட் வெளிச்சம் பட்டு நடுவில் வெள்ளை அடித்திருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, கோடு இறங்குகிறதா, பேப்பர் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இன்னொரு படம் அனுப்பு' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பதில் வர ஏழு நிமிஷம் ஆகும். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் பிஜி அடுத்த பேஷண்டிடம் போய்விடுவாள். இங்கே இவருக்குத் தூக்கம் போயிருக்கும். நம்முடைய பழைய சீஃப்களுக்கு இது கிடையாது. வீட்டில் ஒரு லேண்ட்லைன், அதுவும் வாசல் அறையில். உண்மையான ஆபத்து வந்தால்தான் அது அடிக்கும். 'எங்கள் காலத்தில் நாங்கள் பார்க்காததா' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர்கள் காலத்தில் படுக்கையறைக்குள் லேபர் வார்டு வரவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. முழு இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம். நம் நாட்டுச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. அதாவது 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்த நீங்கள் இரவு பதினொரு மணிக்கே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு போனுக்கும் அந்த மூளைதான் பதில் சொல்கிறது. மறுநாள் ரவுண்ட்ஸில் பிஜியின் தவறைப் பார்த்துக் கொதிப்பதும் அந்த மூளைதான். தூக்கம் கெட்டால் முதலில் போவது பொறுமை. அறிவு அதற்குப் பிறகுதான் தடுமாறும்.

கோபத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்பு, ஓர் ஆஸ்பத்திரியில் நான் உதவிப் பேராசிரியராக இருந்தேன். என்னிடம் பயிற்சியில் இருந்த ஒரு பையன், ஒரு நோயாளியிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவர் இரண்டு நாளில் திரும்பி எமர்ஜென்சிக்கு வந்தார், பிழைத்தார். நான் நிறைந்த ஓபியில், நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அந்தப் பையனைக் கத்தினேன். 'நீயெல்லாம் எதுக்குடா இந்தப் படிப்புக்கு வந்த' என்றேன். அந்த வருஷம் நான் ஒரு நாளும் ஐந்து மணி நேரம் தூங்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் கிளினிக், வீட்டுக்கடன். பல வருஷம் கழித்துத் திருச்சியில் ஒரு கருத்தரங்கில் அவரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். போகும்போது சொன்னார்: 'சார், அன்னையிலிருந்து எனக்குச் சந்தேகம் வந்தா உங்கள்ட்ட கேக்கிறத நிப்பாட்டிட்டேன்.'

அந்தச் சொல்லை நான் இன்றுவரை சுமக்கிறேன். நான் கத்தியதால் அவர் கற்றுக்கொண்டது, தற்கொலை எண்ணத்தைக் கேட்க வேண்டும் என்பதை அல்ல. என்னிடம் வரக் கூடாது என்பதைத்தான். அதற்குப் பின் இரண்டு வருஷம் அவர் பார்த்த நோயாளிகளுக்கு என் அனுபவத்தால் எந்த உபயோகமும் இல்லாமல் போனது. உங்கள் பிஜி 160/110ஐ ஏன் ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னாள்? தெரியாததாலா, வேறு பேஷண்ட் இருந்ததாலா, இல்லை உங்களைக் கூப்பிடப் பயந்ததாலா? இதை அவளிடம் கேட்டீர்களா? கேஸ் ஷீட் பறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பயம் இருந்திருக்கலாம். உங்கள் களைப்பு உங்களோடு நின்றுவிடவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அது பிஜி வழியாக இறங்கி, படுக்கையில் கிடக்கும் பெண்ணிடம் போய்ச் சேர்கிறது. சிகிச்சை எடுப்பதைச் சொந்த விஷயம், சுயநலம் என்று நினைத்துத் தள்ளிப்போட உங்களுக்கு இடமில்லை.

எனவே முதல் வேலை, உங்களுக்கு ஒரு டாக்டர். நீங்களே உங்களுக்கு டாக்டராக இருந்து ஆறு மாதம் பார்த்துவிட்டீர்கள். அல்பிரசோலம் ஆரம்பத்தில் தூங்கவைக்கும். வாரங்கள் போகப்போக உடம்பு அதற்குப் பழகிவிடும், அது இல்லாமல் தூக்கம் வராது. போட்டுவிட்டுப் படுத்த இரவில் எமர்ஜென்சி என்று கூப்பிட்டால், அரை மயக்கத்தில் முடிவு சொல்வீர்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் போட்ட மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதை இன்னொருவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மனச்சோர்வு என்று உறுதியானால் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் மாதிரி மருந்து தருவோம். வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். கூடவே பேச்சு சிகிச்சை.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. 47 வயதில் ஒரு பெண் தூக்கமில்லை, எரிச்சல், சோர்வு என்று உங்கள் ஓபிக்கு வந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எழுதாமல் அனுப்புவீர்களா? மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் விடுவீர்களா? உங்களுடைய ஹீமோகுளோபின் கடைசியாக எவ்வளவு இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

வெளியே தெரியுமா என்ற பயம் நியாயமானது. நம் ஊர் சின்ன ஊர். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தால் நீங்கள் பிரசவம் பார்த்த பெண் எதிரில் இருப்பாள், வீட்டுக்குப் போகுமுன் செய்தி போய்விடும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. உங்கள் டீனோ, சீஃபோ கேட்டார் என்பதற்காக எந்த மனநல மருத்துவரும் சொல்லக் கூடாது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ ஒருவரைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிமுறைகளின்படி வீடியோவிலும் ஆலோசனை பெறலாம். ஒன்றே ஒன்று: உங்கள் பேட்ச்மேட்டிடம் போனில் மருந்துப் பெயர் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்டர்கள் இதைத்தான் செய்கிறோம். பாதி வரலாற்றைச் சொல்லி, பாதி சிகிச்சை பெறுகிறோம்.

இரண்டாவது வேலை, அந்தப் பிஜி. தள்ளிப்போடாதீர்கள். ரவுண்ட்ஸ் முடிந்து, டியூட்டி ரூமில் யாரும் இல்லாத நேரம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நின்றுகொண்டு பேச வேண்டாம். 'அன்னைக்கு பிரஷர் லேட்டா சொன்னது தப்புதான், அதைப் பத்திப் பேசணும். ஆனா நான் ஷீட்டைத் தூக்கி எறிஞ்சது தப்பு, அதுக்கு ஸாரி.' இவ்வளவு போதும். நான் தூங்கவில்லை, வேலை அதிகம் என்று சேர்க்காதீர்கள். சேர்த்தால் அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும், அது அவள் வேலை இல்லை. அப்புறம், 'உனக்கு எப்படி இருக்கு, தூங்குறியா, சாப்பிடுறியா' என்று கேளுங்கள், பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவள் உங்களைப் பார்க்காமல் இருப்பதற்கு உங்கள் மேல் உள்ள பயம் மட்டும் காரணமாக இல்லாமலும் போகலாம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையில், கேட்டுப் பார்த்த முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தில் மூன்று பேர். உங்கள் யூனிட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் நடந்தது என்பதால், மற்றவர்கள் முன்னாலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். மரியாதை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எனக்கு அந்தத் திருச்சிச் சந்திப்பு வரை காத்திருக்க நேர்ந்தது, உங்களுக்கு அது வேண்டாம்.

மூன்றாவது, இரவு. எல்லாவற்றையும் உங்களால் மாற்ற முடியாது, சிலதை அடுத்த அட்மிஷன் டேயிலேயே மாற்றலாம். எந்தெந்த நிலையில் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி லேபர் வார்டில் ஒட்டுங்கள்: பிரஷர் 160/110 தொட்டால், ரத்தப்போக்கு கட்டுப்படாவிட்டால், வலிப்பு வந்தால், குழந்தைத் துடிப்பு இறங்கி ஏறாவிட்டால், எதிலும் சேராமல் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால். இவற்றுக்குப் போன்தான், வாட்ஸாப் கிடையாது. இது தெளிவானால், போன் அடிக்காத நேரத்தில் எழுந்து பார்க்க வேண்டியதில்லை என்று மனதுக்கு மெல்லப் புரியும். போனைத் தலையணையிலிருந்து எடுத்து, சத்தம் முழுதாக வைத்து, மேசை மேல் வையுங்கள்.

இன்னொன்று என் மனைவி பல வருஷம் செய்தது. இரவு பத்து மணிக்கு அவரே டியூட்டி பிஜிக்குப் போன் போடுவார். வரிசையாகக் கேஸ் கேட்க மாட்டார். 'எந்தப் பேஷண்ட்ட நெனச்சா உனக்குப் பயமா இருக்கும்மா?' என்று கேட்பார். ஒரு பெயர் வரும், சில நாள் இரண்டு. அவர்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, இது நடந்தால் இது செய், அது நடந்தால் என்னைக் கூப்பிடு என்று சொல்லிவிடுவார். பயப்படுவதாகச் சொல்ல அனுமதி கிடைத்த பிள்ளைகள், மூன்று மணிக்குத் தடுமாறுவது குறைந்தது. அவருக்கு வந்த போன்களும் குறைந்தன.

நான்காவது, எழுதிக் கொடுப்பது. உங்கள் போனில் கால் ஹிஸ்டரி இருக்கிறது. கடந்த முப்பது நாளில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வந்த அழைப்புகளை எண்ணுங்கள். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிய இரவுகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு, ஏபி திரும்ப வரும்வரை இரவு அழைப்பை யூனிட்டுகளுக்குள் முறைவைத்துப் பிரிக்க வேண்டும் என்று உங்கள் சீஃபுக்கு எழுதி, ஒரு நகலை டீன் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வாயால் சொன்னால் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா' என்பார்கள், நீங்களும் சரி என்பீர்கள். தாள் இருந்தால் அப்படி முடிக்க முடியாது. நாளைக்கு ஒரு ஆடிட் வந்தாலும் அந்தத் தாள் பேசும்.

எங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் எனக்கும் வருத்தம் உண்டு. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது, மாணவர்களுக்காக. நான் சொன்ன பணிக்குழு, பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டும் தேவை, அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவன் நான். ஆனால் பிரசவ வலி 74 மணி நேரத்தோடு நிற்காது. பிஜி வீட்டுக்குப் போனால், டிஆர்பி என்ற மாவட்டப் பயிற்சிக்காக மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த வேலையை ஒருவர் செய்தாக வேண்டும். பணியிடம் நிரப்பாமல் மணி நேரத்தை மட்டும் குறைத்தால் அது படியேறி ஏபியிடமும் உங்களிடமும் வந்து நிற்கும்.  2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூன்றும் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. நம் மக்களுக்கு அது பெரிய வரம். ஆனால் ஓரிடத்து நாற்காலியை எடுத்து இன்னோரிடத்தில் போட்டு நிரப்புகிறபோது, காலியான இடத்தில் நிற்கிறவரை யாராவது கேட்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் பணி நேர வரம்பும், ரகசியமான மனநல உதவியும் வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் எழுப்புங்கள். இப்போது இல்லை, குணமான பிறகு.

வி.ஆர்.எஸ். இப்போது வேண்டாம். போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை அதுதான் உங்களுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் தூக்கமில்லாத, மனச்சோர்வு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற மூளையை வைத்து அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது. நான்கைந்து மாதம் தள்ளி வையுங்கள். பார்க்கிறவர் மருத்துவ விடுப்பு வேண்டும் என்றால் எடுங்கள். மாலை கிளினிக் இருந்தால் ஆறு வாரம் பூட்டுங்கள். வருமானக் கணக்கை உங்கள் கணவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், நீங்கள் நினைப்பதைவிடச் சமாளிக்கக்கூடியதாகவே இருக்கும்.

என்னிடம் வருவதென்றால் மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள். அந்த நேரம் வேறு யாரையும் பார்ப்பதில்லை, டோக்கனும் கிடையாது, பெயரை ரிசப்ஷனில் சொல்ல வேண்டியதில்லை. அல்பிரசோலம் அட்டையையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் கொண்டுவாருங்கள். கணவரையும் கூட்டிவாருங்கள், இந்த எட்டு மாதத்தில் உங்களுக்குத் தெரியாத பலதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அன்று காரை அவரே ஓட்டட்டும்.